இரண்டாவது பாலத்துக்கு நேரம் வேண்டும்

மாவட்டப் பயிற்சிகளுக்குச் செல்லவிருக்கும் கருத்தாளர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

நிதி ஆயோக் 2016இல் மாணவர் தாமே பொருள்களை வடிவமைத்துச் செய்து பார்ப்பதற்கான அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தைத் தொடங்கியபின், நாட்டின் பல பள்ளிகளுக்கு 3டி பிரிண்டரே வந்துவிட்டது. வடிவமைப்புப் பணியைக் கற்பிக்க அதுதான் வேண்டும் என்பதில்லை. குழுவுக்கு ஒரு பாலத்துக்கு மூன்று ஏ4 தாள், 30 செ.மீ. செலோ டேப், இயற்பியல் ஆய்வகத்தின் 50 கிராம் எடைகள் போதும்.

பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களையும் நால்வர் நால்வராக உட்காரவைத்துத் தாள்பாலம் கட்டச் சொல்லுங்கள். 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு புத்தக அடுக்குகள். பாலத்தைப் புத்தகத்தோடு ஒட்டக்கூடாது. நடுவில் ஓர் அட்டைத்துண்டு வைத்து, அதன்மேல் எடையை ஐம்பது ஐம்பது கிராமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் 10 விநாடி பொறுக்க வேண்டும். நடுப்பகுதி 2 செ.மீ. தாழ்ந்தால் ஆட்டம் முடிந்தது. இந்த அளவுகளைச் சொல்லாமல் “வலுவான பாலம் கட்டுங்கள்” என்று விட்டால், யார் வென்றது என்ற சண்டைதான் மிஞ்சும். மதிப்பெண் தாங்கிய எடைக்கு மட்டும் அல்ல. அதைப் பாலத்தின் எடையால் வகுத்துப் பாருங்கள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம். டேப்பை விட்டுக் கணக்கிட்டால், மூன்று தாள் பாலம் 300 கிராம் தாங்கினால் 20 மடங்கு.

முதல் பாலம் சரிந்ததும் அதைக் குப்பையில் போட விடாதீர்கள். கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விசிறிபோல் மடித்த பாலமென்றால், நடுவே மடிப்பின் மேல்விளிம்பு கசங்கியிருக்கும். கீழ்விளிம்பு கிழியாமல் இருக்கும். தாள் இழுவிசையைத் தாங்கும், அமுக்கத்தில் நெளிந்துவிடும் என்பதை அந்தக் கசங்கலே காட்டுகிறது. சில பாலங்களில் மடிப்பு கசங்கியே இராது, பக்கவாட்டில் விரிந்து தட்டையாகியிருக்கும். அடியில் குறுக்காக டேப் ஒட்டினால் அப்படி விரிவது நிற்கும். இதை ஆசிரியர் சொல்லிவிடக்கூடாது, மாணவர் கண்டுபிடிக்கட்டும்.

1 செ.மீ. மடிப்பை 3 செ.மீ. ஆக்கினால் விறைப்பு கூடும். ஆனால் உயர்ந்த மெல்லிய சுவர் எளிதில் நெளியும். எங்கே நிறுத்துவது என்று குழு தானே முடிவெடுக்கும் அந்த இடம்தான் பொறியியல்.

வகுப்பில் இது தவறிப்போவது பெரும்பாலும் நேரத்தால்தான். ஒரே 45 நிமிடப் பாடவேளையில் அறிமுகம், கட்டுதல், போட்டி, கைதட்டல் என்று முடித்துவிட்டால் மாணவருக்குக் கிடைப்பது ஒரு கைவினை வேலை. தொடர்ந்து இரண்டு பாடவேளை வாங்குங்கள். இரண்டாவது முழுவதும் மறுவடிவமைப்புக்கே. ஒரே ஒரு மாற்றம்தான் அனுமதி. எதை, ஏன் மாற்றுகிறோம் என்று கட்டுவதற்கு முன்பே நோட்டில் எழுத வேண்டும். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மாதிரிப் படம் எதையும் முன்கூட்டிக் காட்டாதீர்கள், பத்துக் குழுவும் அதையே கட்டும்.

மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தாள் தொய்ந்துவிடும். ஆகவே இரண்டு பாலங்களுக்கும் தாள் ஒரே கட்டிலிருந்து, அதே நாளில் எடுத்ததாக இருக்கட்டும்.