சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்குப் பிரபுப் பட்டம் கிடைக்காதது ஏன்?

வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் அரசியல்வாதி சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸைப் பற்றிய உரையைக் கேட்ட நேயர் ஒருவர், "தந்தை பிரபு, தாய் அரச வழியில் வந்தவர், அப்படியிருக்க இவருக்கு ஏன் பட்டம் இல்லை? கடைசிவரை மக்களவையிலேயே ஏன் இருந்தார்?" என்று கேட்டிருக்கிறார். மிக நல்ல கேள்வி.

ஃபாக்ஸ் மூத்த மகன் அல்லர் என்பதே முதற்காரணம். பிரிட்டனில் பிரபுப் பட்டம் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கிடப்படுவதில்லை. முதலில் மூத்தவருக்கும் அவர் வழியினருக்குமே செல்லும்; அந்த வழி அற்றுப்போனால்தான் இளையவருக்கு வரும். தாய் கரோலைன், இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு மணத்துக்கு வெளியே பிறந்த மகனான முதலாம் ரிச்மண்ட் டியூக்கின் பேத்தி. 1744இல் பெற்றோரின் எதிர்ப்பை மீறி, ஃபாக்ஸின் தந்தையான ஹென்றி ஃபாக்ஸை அவர் இரகசியமாக மணந்துகொண்டார். 1762இல் கரோலைனுக்கும், அடுத்த ஆண்டு ஹென்றிக்கும் ஹாலண்ட் என்ற பெயரிலேயே தனித்தனியாகப் பட்டங்கள் வழங்கப்பட்டன. இரண்டுமே மூத்த மகன் ஸ்டீபனுக்கு உரியவை. இளையவரான சார்லஸுக்குத் தந்தை தேடித் தந்தது மக்களவை இடம். 1768இல், சட்டப்படி தேவையான 21 வயது நிரம்பும் முன்பே, 19 வயதில் அவர் உறுப்பினரானார். சூதாட்டத்தில் அவர் சேர்த்த, ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட கடனையும் தந்தையே அடைத்தார்.

இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் என் மனத்தை மிகவும் கனக்கச் செய்வது 1774ஆம் ஆண்டு. ஜூலை முதல் நாளில் தந்தை மறைந்தார். அதே மாதத்தில் தாயும் மறைந்தார். ஆண்டு முடிவதற்குள் அண்ணன் ஸ்டீபனும் இறந்துபோக, பட்டம் அவருடைய ஒரு வயது மகன் ஹென்றியைச் சேர்ந்தது. அப்போது ஃபாக்ஸுக்கு வயது 25. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் பட்டத்துக்கு அடுத்த உரிமையாளர் ஃபாக்ஸ்தான், அது கிடைத்திருந்தால் அவர் மக்களவையை விட்டுப் பிரபுக்கள் அவைக்குச் சென்றிருப்பார், பிரதமர் இளைய வில்லியம் பிட்டை மக்களவையில் ஆண்டுக்கணக்காக எதிர்த்து நின்ற அந்தக் குரல் அங்கே ஒலித்திருக்காது. பட்டமின்மையை இழப்பாக நான் கருதாததற்குக் காரணம் இதுவே.

சில ஆண்டுகளில் தாயையும் இழந்த அச்சிறுவனிடம் ஃபாக்ஸ் மிகுந்த பாசம் கொண்டு, அவனுடைய கல்வியிலும் அக்கறை காட்டினார். எலிசபெத் ஆர்மிஸ்டெட்டை 1795இல் இரகசியமாக மணந்து, 1802இல்தான் அதை வெளியிட்ட ஃபாக்ஸுக்கு அவர் மூலம் பிள்ளைகள் இல்லை. அரசியல் வாரிசாக அமைந்தவர் அண்ணன் மகனே. 1806 ஜூனில் அடிமை வணிகத்தை ஒழிக்க வேண்டுமென்ற தீர்மானத்தை ஃபாக்ஸ் மக்களவையில் கொண்டுவர, 114 பேர் ஆதரவாகவும் 15 பேர் எதிராகவும் வாக்களித்தனர். செப்டம்பரில் அவர் காலமானார்; அடுத்த மாதமே அந்த அண்ணன் மகன், ஹாலண்ட் பிரபு, அமைச்சரவையில் சேர்ந்தார். அந்த அமைச்சரவையின் காலத்தில்தான், 1807 மார்ச்சில், ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.