லண்டனில் ஒரு மழை மாலை, நம்ம பேட்டையில் ஒரு பூட்டு

எல்லோருக்கும் வணக்கம். விழாத் தலைவர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு ஏழாம் வகுப்பில் வரலாறு சொல்லிக்கொடுத்த, இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஒலிபெருக்கி அண்ணன், வாசலில் சுக்குக் காபி ஊற்றித் தரும் அக்கா, உங்கள் எல்லோருக்கும் நன்றி. அம்மா, உங்களைப் பார்த்ததும் எழுதி வைத்திருந்த பாதி மறந்துவிட்டது.

லண்டனுக்குப் போய் ஆறு மாதம் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தாயே, ஊர் எப்படி இருந்தது, அதைப் பேசு என்றார்கள். குளிர், ரயில், நூலகம் என்று மூன்று விஷயம் பேசலாம் என நினைக்கிறேன். என் பாட்டி எதற்கெடுத்தாலும் ஒன்று சொல்வார்: சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போய் இறங்கியது நவம்பர் கடைசி. மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பொழுது சாய்கிற மாதிரி இருக்கும், நாலு மணிக்கெல்லாம் இருட்டு. என் ஆராய்ச்சி நம்ம ஊர் ஏரிகளைப் பற்றியது. தியாகராய நகர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் நீளமான ஏரி இருந்ததும், 1920களில் அதைத் தூர்த்து மனை போட்டதும் இங்கே பலருக்குத் தெரியும். அந்தக் காலத்து மெட்ராஸ் ஆவணங்களில் நிறைய, செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. முகவரிச் சான்றைக் காட்டினேன், வாசகர் அட்டை கொடுத்தார்கள், ஒரு காசு வாங்கவில்லை. உள்ளே பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். பழைய ஆவணக் கட்டை நுரைத் திண்டு மேல் சாய்த்து, பக்கம் புரளாமல் இருக்க கனமான ஒரு வெள்ளைக் கயிற்றை மேலே வைக்க வேண்டும். நம்ம ஏரியை வரைந்த படத்தை அத்தனை தூரம் போய்ப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பெரிய நூலகத்தை இல்லை. ஒரு நாள் சாயங்காலம் ஈஸ்ட் ஹாம் பக்கம் மளிகை வாங்கப் போனேன். அங்கே நம்ம கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். திரும்பும்போது பேருந்தில் தவறான நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். மழை, கைபேசியில் சார்ஜ் இல்லை, கையில் ரெண்டு பை, எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. எதிரே ஒரு கட்டிடத்தில் வெளிச்சம் தெரிய, என்ன இடம் என்று கூடப் பார்க்காமல் நுழைந்தேன். பார்த்தால் பேட்டை நூலகம்! மணி ஆறைத் தாண்டியும் திறந்திருந்தது. கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு யாழ்ப்பாணத்து அம்மா என்னைப் பார்த்ததும், "பிள்ளை, என்ன இப்படி நனைஞ்சுபோய் நிக்கிறீர்? இஞ்ச ஹீட்டருக்குப் பக்கத்தில வந்து இரும்" என்றார். பக்கத்தில் பேரன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கேதான் கூட்டிவருவாராம், வீட்டில் இடம் போதாதாம். பிறகு கையைப் பிடித்து ஓர் அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். முழுக்கத் தமிழ்ப் புத்தகம். அட்டை கிழிந்து டேப் ஒட்டியது, ஓரம் கறுத்தது, அத்தனையும் கைபட்டுக் கைபட்டுப் பழசானவை. "எங்கட பெடியள் வாசிக்கோணுமெண்டு நாங்கள் கேட்டு வாங்கினது" என்றார். கேட்டு வாங்கினது! சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இதே லண்டனுக்கு 1924இல் நம்ம ஊரிலிருந்து ஒரு கணக்கு ஆசிரியர் போனார், எஸ்.ஆர். ரங்கநாதன். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் கிடைத்த நூலகர் வேலை பிடிக்காமலேதான், நூலகப் படிப்புக்காகப் போனார். அங்கே பொது நூலகங்களில் பிள்ளைகளும் தொழிலாளிகளும் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்து ஆளே மாறித் திரும்பினார். 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்று தொடங்கும் ஐந்து விதிகளை 1931இல் புத்தகமாகக் கொடுத்தார். அன்றைய சென்னை மாகாணத்தில் 1948இல் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவர்தான் முக்கியக் காரணம். இன்றைக்கும் நாம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம்.

சரி, கட்டுகிறோம், கிடைப்பது என்ன? போன செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு நம்ம பேட்டைக் கிளை நூலகத்துக்குப் போனேன். பூட்டு. படிக்கட்டில் நாலு பேர், டிஎன்பிஎஸ்சி குரூப் நாலுக்குப் படிக்கிற பிள்ளைகள், தெருவிளக்கு வெளிச்சத்தில் புத்தகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் பகலெல்லாம் துணிக்கடையில் நின்றுவிட்டு வருகிறவள். அவள் வரும் நேரத்துக்கு ஒரு நாளும் கதவு திறந்திருந்தது இல்லையாம். சட்டியைப் பூட்டி வைத்துவிட்டு அகப்பையைக் குறை சொல்லி என்ன பயன்?

மாமன்ற உறுப்பினர் அவர்களே, உரிமையோடு கேட்கிறேன். இரவு எட்டு மணி வரை திறக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் திறக்க வேண்டும். பெண்களுக்கு ஒரு கழிப்பறை, எரிகிற டியூப்லைட், கூடுதலாக ஓர் ஊழியர். உரிய இடத்தில் நீங்கள் பேசினால் நடக்கும் என்று நம்புகிறேன். ரயிலைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். வாசலில் காபி மேசைக்குப் பக்கத்தில் கோரிக்கை மனு இருக்கிறது. நேற்று வரை 212 கையெழுத்து. போகும்போது ஒரு நிமிடம் நின்று போட்டுவிட்டுப் போங்கள். அந்தத் துணிக்கடைப் பெண்தான் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். வணக்கம்.