கரை தெரியாத நாள்

நேயர்களுக்கு வணக்கம். கப்பலில் உல்லாசப் பயணம் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்தெந்த ஊரில் இறங்கினோம், என்ன வாங்கினோம் என்றுதான் சொல்வார்கள். எங்கேயும் இறங்காமல் முழு நாளும் தண்ணீரிலேயே போகுமே, அந்த நாளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் அந்த நாளுக்காகவே டிக்கெட் எடுக்கிற ஆள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நேரம் இருந்தால், கடல் மயக்கம் பற்றியும் எந்த மாதம் போகலாம் என்பது பற்றியும் சொல்கிறேன்.

செங்கடலில் கப்பல்களைத் தாக்கும் தொல்லை தொடங்குவதற்கு முன்பு, இங்கே மும்பையில் பல்லார்ட் பியர் துறைமுகத்தில் ஏறி, ஓமானில் இருக்கும் சலாலா, அப்புறம் சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் என்று போகிற ஒரு நீண்ட பயணம் போனேன். சலாலாவுக்குச் சுமார் 2,000 கிலோமீட்டர். நடுவில் இரண்டு முழு நாள் கரையே கிடையாது. மாலையில் புறப்படும்போது சுற்றிலும் நம் மரைன் டிரைவ் தண்ணீர்தான், சேறு கலங்கிய பழுப்பு. மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தால் கருநீலம். மும்பைக்கு மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் வரை கடலடி மேடாகவே போகிறது. அதற்கப்புறம் சரிந்து இறங்கிவிடுகிறது. கரையோரத்து வண்டலும் அவ்வளவு தூரம் வருவதில்லை.

சரி, அன்று நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பீர்கள். கப்பல் விடாது. துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலில் உள்ள சூதாட்ட அறையையும் வரியில்லாக் கடைகளையும் பெரும்பாலும் மூடியே வைத்திருப்பார்கள். கரையின் சட்டம் அப்படி. நடுக்கடலுக்கு வந்தால்தான் திறக்க முடியும். ஆக, நமக்கு விடுமுறை நாள், கப்பலுக்கு வியாபார நாள். காலையிலிருந்தே ஒலிபெருக்கி கூப்பிட ஆரம்பித்துவிடும். பிங்கோ, கைக்கடிகாரத் தள்ளுபடி, ஓவிய ஏலம். எல்லாம் ஜன்னல் இல்லாத கூடங்களில். கடல் பார்க்க வந்தவனை கடலுக்கு முதுகு காட்டி உட்கார வைப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு அண்ணாச்சி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வளர்ந்தது தாராவி. சென்ட்ரல் லைனில் லோக்கல் ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மோட்டார்மேன். மறுநாள் நிகழ்ச்சிகளை அச்சடித்து முந்தின ராத்திரியே அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாளில் வரிசையாக வட்டம் போட்டுக்கொண்டு வந்தார். ஏழு மணிக்கு யோகா, எட்டே காலுக்கு நடை, ஒன்பதரைக்குத் துண்டை யானையாக மடிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. "காசு கட்டியிருக்கோம்லா சார், ஒண்ணையும் விடப்பிடாது" என்றார். பதினொன்றரைக்கு எட்டிப் பார்த்தேன். ஓவிய ஏலத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி" என்று வெளித்தளத்துக்குக் கூட்டிப் போனேன். அத்தனை பெரிய கப்பலில் அங்கே ஈ காக்கை இல்லை. சாய்வு நாற்காலியில் விளிம்போடு உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு கேப்டன் பேசினார். இது கப்பலில் எனக்குப் பிடித்த ஒரே அறிவிப்பு. எதையும் விற்காது. எங்கே இருக்கிறோம், காற்று எந்தப் பக்கம், அடியில் எவ்வளவு ஆழம், என்ன வேகம், அவ்வளவுதான். ஆழம் 3,000 மீட்டருக்கு மேல். வேகம் 18 நாட்.

"அது எவ்வளவு சார்?"

ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர் என்றேன். வட்டம் போட்ட தாளைத் திருப்பி அதிலேயே பெருக்கினார். 33 வந்தது.

"சார், இது நம்ம தாணே ஸ்லோ!"

உண்மைதான். சிஎஸ்எம்டியிலிருந்து, அதாவது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸிலிருந்து, தாணே 34 கிலோமீட்டர், எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகிற வண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். "இதே வேகத்துலதான் இத்தனை வருஷம் போயிருக்கேன். ஆனா இங்க மஸ்ஜித் ஸ்டேஷன் இல்ல, பைகுல்லா ஸ்டேஷன் இல்ல, லைன குறுக்க தாண்டுற ஆள் இல்ல" என்றார். கடைசியாகச் சொன்னதை மும்பைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

அப்புறம் ஆளைப் பிடிக்க முடியவில்லை. தொடுவானம் எவ்வளவு தூரம் என்றார். நம் கண் 20 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 16 கிலோமீட்டர் என்றேன். "சிஎஸ்எம்டியிலேருந்து குர்லா வரைக்கும் லைன் கிளியர்" என்றார். கப்பல் கிழித்துப் போகும் தண்ணீரிலிருந்து பறவைக்கோலா மீன்கள் கூட்டமாகக் கிளம்பி, செட்டையை விரித்து அலை மேலேயே வழுக்கிப் போய் விழுந்தன. எத்தனை விநாடி காற்றில் நிற்கிறது என்று கடிகாரத்தில் பார்த்தார். அன்று மதியம் பிங்கோவுக்கு அவர் போகவில்லை.

அந்த ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கச் சொன்னார்கள். ஓமான் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், மிச்ச அரை மணி மறுநாள் ராத்திரி. "25 மணி நேர டியூட்டி, ஓவர்டைம் யார் தருவா?" என்று அண்ணாச்சி சிப்பந்தியைப் பிடித்துக்கொண்டார். நேரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இந்திய நேரம் 1906லேயே வந்துவிட்டாலும், இந்த ஊர் அதைவிட 39 நிமிடம் பிந்திய தன் பாம்பே டைமை 1955 வரை விடவில்லை. ரயிலுக்கு ஒரு நேரம், ஊருக்கு ஒரு நேரம். அந்தக் கதையையே தனியாக ஒரு நாள்...

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் பக்கம் போகாதீர்கள். அறையை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேட்டு வாங்குங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. கடல் மயக்கத்துக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கடல் ஆடத் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்றின பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது. வணக்கம்.