ஹெல்மெட்டில் எந்த லைட்டைப் பொருத்துவது? இரவில் சைக்கிள் ஓட்டும் நேயரின் சந்தேகத்திற்கு விளக்கம்

வணக்கம். அம்பாசமுத்திரத்திலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பகலில் வேலை இருப்பதால் இரவு ஏழரை மணிக்கு மேல்தான் அவரால் மலைச் சைக்கிளை எடுக்க முடிகிறதாம். கால்வாய்க் கரையிலும் பனங்காட்டுத் தடங்களிலும் ஓட்டுகிறார். ஹேண்டில்பாரில் 1000 லூமென் (லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு) லைட் இருந்தும் வளைவுகளில் திரும்பும் நேரத்தில் தடம் இருட்டிவிடுகிறது என்கிறார். ஹெல்மெட்டில் பொருத்த 3000 லூமென் என்று எழுதிய லைட் ஒன்றை இணையக் கடையில் பார்த்திருக்கிறார். அதை வாங்கலாமா என்பது முதல் கேள்வி. அதை மாட்டிக்கொண்டு மணிமுத்தாற்றுக்கு மேலே மலைச்சாலையில் இரவில் ஏறலாமா என்பது இரண்டாவது கேள்வி.

தம்பி, ஹெல்மெட் லைட் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த லைட் வேண்டாம்.

ஹேண்டில்பாரில் இருக்கும் லைட் முன்சக்கரம் பார்க்கும் திசையை மட்டுமே காட்டும். நாமோ சக்கரம் திரும்புவதற்கு முன்பே வளைவின் அந்தப் பக்கத்தைப் பார்க்க முயல்கிறோம். அந்த இடத்தில் வெளிச்சம் இல்லாததைத்தான் நீங்கள் இருட்டு என்று சொல்கிறீர்கள். ஹெல்மெட் லைட் முகத்தோடு சேர்ந்து திரும்புவதால் கண் போகும் இடத்துக்கு வெளிச்சமும் போகும். ஆகவே அதற்குரிய வேலை, நீங்கள் பார்க்கும் ஒரு புள்ளியைத் தொலைவில் தெளிவாகக் காட்டுவது. தடம் முழுவதும் வெளிச்சத்தைப் பரப்புவது அதன் வேலை அல்ல. ஹெல்மெட்டுக்கு ஒளிக்கற்றை குறுகியதாகவும், ஹேண்டில்பாருக்கு அகலமானதாகவும் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

அப்படியானால் ஹேண்டில்பார் லைட்டைக் கழற்றிவிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கழற்றவே கூடாது. இதை இன்றைக்கே வீட்டு முற்றத்தில் சோதித்துப் பாருங்கள். கைப்பிடி அளவுள்ள கல் ஒன்றை மண்ணில் வைத்து, அதன் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிறு குழி பறியுங்கள். பத்தடி தள்ளி நின்று டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். கல்லும் குழியும் தரையோடு தரையாகத் தெரியும், ஏனென்றால் ஒளியும் பார்வையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் போகும்போது நிழல்கள் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துவிடுகின்றன. இப்போது டார்ச்சை இடுப்புக்கு இறக்குங்கள். கல்லின் நிழல் நீண்டு விழும், குழியின் உள்விளிம்பு கருப்பாகும், மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குப் புரியும். வேகத்தில் போகும்போது நம்மைக் காப்பாற்றுவது அந்த நிழல்தான். இரண்டு லைட்டும் சேர்ந்து எரியட்டும். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி ஹேண்டில்பார் லைட்டுக்கே போகட்டும்.

இனி 3000 லூமென் கதைக்கு வருகிறேன். இதில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. இந்த லைட்டுகளில் பெரும்பாலும் இருப்பது 18650 என்னும் லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், எடை 45 முதல் 50 கிராம். நல்ல தரமான செல்லின் கொள்ளளவு பெரும்பாலும் 3500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டியே இருக்கும், அதாவது சுமார் 12 வாட் மணி (ஒரு வாட் விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் எரிக்கும் மின்சாரம்). ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1000 லூமெனில் அது ஒன்றேகால் மணி நேரம் எரியும். 3000 லூமெனுக்கு 30 வாட் வேண்டும். இரண்டு மணி நேரம் எரிய 60 வாட் மணி, அதாவது ஐந்து செல்கள். செல்களின் எடை மட்டுமே கால் கிலோவை நெருங்கும். தலையில் அவ்வளவு சுமையை வைத்துக்கொண்டு கல்தடத்தில் இறங்கினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஹெல்மெட் நெற்றியை நோக்கிச் சரியும், கழுத்து வலிக்கும். விளம்பரத்தில் எடை 100 கிராம், வெளிச்சம் 3000 லூமென், நேரம் நான்கு மணி என்று மூன்றும் சேர்ந்து இருந்தால் அவற்றில் ஏதோ ஒன்று பொய். ஒரே 18650 செல்லில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அதைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

என் கணிப்பில் ஹெல்மெட்டுக்கு 600 முதல் 1000 லூமென் போதும், எடை 150 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் வெளிச்சம் வேண்டும் என்பவர்கள் பேட்டரியை முதுகுப்பையில் வைத்து ஒயர் மூலம் இணைக்கும் வகையை வாங்கலாம்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். எல்ஈடி விளக்கு காற்றோட்டத்தால்தான் குளிர்கிறது. ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதும் அது சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள ஒளியைக் குறைத்துக்கொள்ளும். அது குறை அல்ல. பேட்டரி தீரும் நேரத்தில் சட்டென்று அணைந்துபோவதுதான் குறை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் கன்னடியன் கால்வாய்க் கரையில் எனக்கு அப்படி ஒரு முறை நேர்ந்தது. ஒரு கண்ணிமைப்பு எச்சரிக்கைகூட இல்லாமல் தலை லைட் அணைந்தது. வலது பக்கம் முழுக்கத் தண்ணீர். ஹேண்டில்பாரில் இன்னொன்று எரிந்துகொண்டிருந்ததால்தான் நேராக நிறுத்த முடிந்தது. அன்றிலிருந்து, பேட்டரி குறையும்போது ஒளியைப் படிப்படியாகக் குறைக்கிறதா என்று விசாரிக்காமல் நான் எந்த லைட்டையும் வாங்குவதில்லை. ஹெல்மெட் மேல் இருக்கும் பேட்டரி அறிகுறி விளக்கு ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒளியின் நிறத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஆடி மாதச் சாரலிலும், முன்னால் போகிறவர் கிளப்பிய செம்மண் புழுதியிலும், நெற்றியிலிருந்து கிளம்பும் ஒளி துளியிலும் துகளிலும் பட்டு நேராக நம் கண்ணுக்கே திரும்பி, எதிரே வெள்ளைத் திரை கட்டியதுபோல் ஆக்கிவிடும். அப்போது ஹெல்மெட் லைட்டைத் தாழ்த்தி வைக்க வேண்டும், அல்லது அணைத்துவிட வேண்டும். நீலம் கலந்த வெள்ளையைவிடச் சற்று மஞ்சள் சாய்ந்த 4000 முதல் 5000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) ஒளி கண்ணுக்கு இதமானது. செம்மண் தடத்தின் ஏற்ற இறக்கமும் அதில் நன்றாகத் தெரிவதாக நான் உணர்ந்திருக்கிறேன். ஐப்பசி மழை விட்ட இரவில் ஈசல் கிளம்பினால் எந்த நிறமானாலும் அது முகத்துக்குத்தான் வரும். நிறமில்லாத கண்ணாடி ஒன்றை அணிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு ஓட்டுங்கள்.

பொருத்துவதற்கு ஹெல்மெட்டில் துளை போடக் கூடாது. உள்ளே இருக்கும் நுரை விரிசல் விட்டால் அந்த ஹெல்மெட் பயனற்றது. காற்றுத் துளைகளின் வழியே கட்டும் வெல்க்ரோ பட்டை போதும். அதில் ஒரு நன்மையும் உண்டு. நம் பக்கத்து உடைமரங்கள் குடைபோல் தாழ்ந்து படர்பவை. லைட் ஹெல்மெட்டுக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால் முட்கிளையில் மாட்டும், மாட்டினால் லைட் கழன்று விழ வேண்டுமே தவிரக் கழுத்து திரும்பக் கூடாது. ஆகவே முடிந்தவரை தாழ்வாக, நடுவில் வைத்துக் கட்டுங்கள். சைக்கிளில் வழக்கம்போல் உட்கார்ந்து பார்க்கும்போது ஒளியின் மையம் 12 முதல் 15 மீட்டர் தொலைவில் விழட்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அது இரண்டு நொடித் தூரம். குறுக்கே பனைமட்டை கிடந்தால், கருக்கு டயரைக் கிழிப்பதற்கு முன் விலக அவ்வளவு நேரமாவது வேண்டும். எதிரே ஆள் வந்தால் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள். இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் பெரியவர் கண் கூசி வரப்பில் தடுமாறினால் அது நம் பிழை.

ஹெல்மெட் லைட்டால் மட்டுமே கிடைக்கும் ஒரு வசதியும் உண்டு. ஆடு, மாடு, நாய், தடத்தில் உட்கார்ந்திருக்கும் பக்கிப் பறவை ஆகியவற்றின் விழிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். லைட் நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்த மினுக்கம் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். பாம்பின் கண் அப்படி மினுங்குவதில்லை. விரியனைக் காட்டிக்கொடுப்பது ஹேண்டில்பார் லைட் உண்டாக்கும் நிழல்தான்.

மணிமுத்தாற்றுக்கு மேலே இரவில் போகலாமா என்றால், கூடாது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறையின் சோதனைச் சாவடி இருக்கிறது, இருட்டியபின் அந்தக் காடு யானைக்கும் கரடிக்கும் உரியது. அடிவாரத்து ஊர்களுக்கே கரடி இறங்கி வருகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கால்வாய்க் கரையில் பகலில் நாலைந்து முறை ஓட்டிப் பழகிய ஒரு தடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். புது லைட்டோடு முதல் இரவு அதில் மெதுவாகப் போய், ஹெல்மெட் எங்கே அசைகிறது, ஒளி எங்கே விழுகிறது என்று பார்த்துப் பட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள்.