மதுரைக்கு வழி வாயிலே: நாளுக்கொரு படம் பார்த்தவர்கள் கூட்டத்தில் பேசியது

(போன ஞாயிற்றுக்கிழமை பேசியதை எழுதிக் கொடுங்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். அன்றைக்கு விட்டுப்போன ஒன்றிரண்டைச் சேர்த்திருக்கிறேன். இருமியதையும் மைக் கத்தியதையும் எடுத்துவிட்டேன்.)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு காதுகுத்துக்கும் நடுவில் நமக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கும் எங்கள் வார்டு மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மாடியைக் கொடுத்ததோடு கரண்ட் போனால் ஜெனரேட்டரும் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கும் மண்டபத்து அண்ணாச்சி அவர்களே, முப்பத்தைந்து வருஷம் மதுரைத் தியேட்டர்களில் ஆபரேட்டராக இருந்து இன்றைக்கு நம் வரிசையில் கடைசி நாற்காலியில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, டீ கொண்டுவந்த தம்பியே. போன வருஷம் இதே கூட்டத்தில் ஒருவர் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன், அவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அதனால் யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் அவரைத்தான் நான் மனசுக்குள் முதலில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் எல்லாருக்கும், படம் பார்த்துக் கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நான் மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, வருஷம் பூராவும் நாளுக்கொரு படம் பார்த்தால் மனுஷனுக்கு என்ன ஆகும். இரண்டு, சின்ன வயசில் பார்த்திருக்க வேண்டிய படங்களை நாம் எப்படிக் கோட்டைவிட்டோம். மூன்று, பழைய படச்சுருள்களின் கதி. மூன்றாவதுதான் முக்கியம், அதை விரிவாகப் பேசுகிறேன்.

மதுரைக்கு வழி வாயிலே என்று ஒரு பழமொழி உண்டு. உங்களுக்குத் தெரியும். என்னோடு பழகியவர்களுக்கு ரொம்பவே தெரியும், மாசத்துக்கு நாலு தடவை சொல்கிறேன் என்று வீட்டில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை இன்றைக்கும் சொல்வேன்.

முதல் விஷயம். போன தை மாதம் நம் நண்பர்கள் இருபத்து மூன்று பேர் சேர்ந்து ஒரு பந்தயம் போட்டோம். பந்தயம் என்றால் பணம் கிடையாது. ஒரு வருஷம், 365 நாள், இதுவரை பார்க்காத படம் நாளுக்கொன்று. பார்த்ததும் நோட்டில் படத்தின் பெயர், வருஷம், இரண்டு வரி அபிப்பிராயம் எழுத வேண்டும். நம்ம ஊர்ப் படம் இரண்டரை மணி நேரம். பெருக்கிப் பாருங்கள், தொள்ளாயிரத்துச் சொச்சம் மணி நேரம் வருகிறது. தூங்காமல், சாப்பிடாமல், வாசலுக்குக் கூடப் போகாமல் முப்பத்தெட்டு நாள். முடித்தவர்கள் ஆறு பேர். நான் 288-இல் நின்றேன், அதில் ஐந்து நாள் சித்திரைத் திருவிழாவில் போனது. அழகர் ஆற்றில் இறங்கும்போது வீட்டுக்குள் உட்கார்ந்து படம் பார்க்கிறவன் மதுரைக்காரனே கிடையாது, அந்த ஐந்தையும் நீங்கள் எனக்கு இனாமாகப் போட்டுத் தரலாம்.

எண்ணிக்கை வந்தால் கூடவே கள்ளக்கணக்கும் வந்துவிடுகிறது. பெரியார் பஸ் நிலையத்தில் ஏறித் திருமங்கலத்தில் இறங்குவதற்குள் போனில் அரைப்படம் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஒரு தம்பி எல்லாப் படத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறான். 1953-இல் வந்த ஜெமினியின் அவ்வையார், யானைகள் கோட்டையை முட்டி இடிக்கிற படம், அதையும் அப்படியே ஓட்டியிருக்கிறான். கே.பி.சுந்தராம்பாள் பாட்டை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டவனுக்கு என்ன பிராயச்சித்தம் என்று தலைமையாசிரியர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். பந்தயத்தில் வாரத்துக்கு ஒரு தலைப்பு உண்டு. அதில் ஒரு வாரம் 'எல்லாரும் சின்ன வயசில் பார்த்தது, நான் மட்டும் பார்க்காதது'. அந்த வாரம் நம் குழு பாவமன்னிப்புக் கூண்டு மாதிரி ஆகிவிட்டது. கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒருவர், உலகப் படமெல்லாம் கரைத்துக் குடித்தவர், நான் மாயா பஜார் பார்த்ததே இல்லை என்று ராத்திரி பதினொரு மணிக்கு எழுதுகிறார். 1957-இல் வந்த படம். கடோத்கசனாக ரங்காராவ் உட்கார்ந்திருக்க, லட்டு தானாக எழுந்து அவர் வாய்க்குள் போகும். கம்ப்யூட்டர் ஏது, ஒன்றும் ஏது, மார்க்கஸ் பார்ட்லியின் காமிராவும் பொறுமையும்தான். இதைப் பார்க்காமல் இந்த மனுஷர் எப்படிக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்னொருவர் குழந்தையும் தெய்வமும் பார்க்கவில்லை. 1965, குட்டி பத்மினிக்கு இரட்டை வேடம், பிரிந்த அப்பா அம்மாவைப் பிள்ளைகள் சேர்த்துவைக்கிற கதை. ஏ.பி.நாகராஜன் 1969-இல் எடுத்த வா ராஜா வா, மாமல்லபுரத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்குச் சிற்பங்களைக் காட்டிப் பிழைக்கிற பையன் கதை, அதைப் பார்க்காதவர்கள் பதினேழு பேர். பார்த்த ஆறு பேரும் அறுபது வயசைத் தாண்டியவர்கள். அந்த இயக்குநரின் சாமி படங்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கே இந்தப் படம் தெரியவில்லை.

ஏன் விட்டோம் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம். கொடைக்கானல் டவர் வந்த பிறகு ஞாயிறு சாயங்காலம் டிவியில் படம் போட்டார்கள், ஆனால் டிவி எதிர்வீட்டில் இருந்தது, எதிர்வீட்டோடு எங்களுக்கு வாய்க்கால் தகராறு இருந்தது. இது என் மச்சான் சொன்ன காரணம். நியாயமான காரணம். என் காரணம் வேறு, அதைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சோழவந்தான் பக்கம். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ் இருந்தது. கீற்றுக் கொட்டகை, ஆற்று மணல், தரை டிக்கெட். முன்னால் இருப்பவன் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்காருவோம், பின்னால் இருப்பவன் அந்த மேட்டை நைசாகக் காலால் பறிப்பான், படம் முடிவதற்குள் நான்கு சண்டை நடக்கும். ஒரே மெஷின், அதனால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கு, கடலை மிட்டாய், கலர். ஒலிபெருக்கியில் சாமி பாட்டுக் கேட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம், சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடுவோம்.

ஒருநாள் பாதாள பைரவி போட்டார்கள். 1951-இல் வந்த படம், எங்கள் கொட்டகைக்கு வந்து சேர இருபத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. ஒரே படப்பெட்டியை வைத்து இரண்டு ஊரில் ஓட்டுவார்கள். அங்கே ஓடி முடிந்த ரீலை சைக்கிளில் ஒரு ஆள் இங்கே கொண்டுவர வேண்டும். நேபாள மந்திரவாதி இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், கேட்டதையெல்லாம் கொடுக்கிற பொம்மையும் அவன் கையில், தோட்டக்காரன் மகன் தேடிப் புறப்பட்டுவிட்டான். அந்த இடத்தில் வெளிச்சம் போட்டார்கள். சைக்கிள் வரவில்லை. அரை மணி நேரம் ஆகிறது, முறுக்கு தீர்ந்துபோகிறது, விசில் அடித்து வாய் வலிக்கிறது. பிறகுதான் சேதி வந்தது, வழியில் சைக்கிள் பஞ்சர், ஒட்ட ஆள் இல்லை, அந்த ஆள் ரீலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஒரு களத்துமேட்டில் படுத்துத் தூங்கிவிட்டான். நாளைக்கு வாருங்கள், கடைசி ரீலை மட்டும் சும்மா காட்டுகிறோம் என்றார்கள். மறுநாள் மழை. அதற்கு அடுத்த நாள் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது.

நான் வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பத்தா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. "என்ன அப்பு, எவன் அடிச்சான்?" என்றது. சொன்னேன். "இதுக்கா? முடிவை நான் சொல்றேன் வா" என்று மடியில் போட்டுக்கொண்டது. அப்பத்தா தேனூர்க்காரி. அழகர் அந்தக் காலத்தில் எங்க ஊர் ஆத்துலதான் இறங்கினாரு, திருமலை நாயக்கர்தான் மதுரைக்கு மாத்திட்டாரு என்று சாகிறவரை நாயக்கரோடு சண்டைபோட்ட ஆள். அது சொன்ன முடிவு என்னவென்றால், மந்திரவாதி ஓடி ஓடி வைகைக்கு வந்தான், அன்றைக்குப் பார்த்து அழகர் இறங்குகிற நாள், லட்சம் சனம், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் இவன் மேலே பீய்ச்ச, தொப்பலாக நனைந்துபோய்க் கரையேறினால் அங்கே வரிசையாக மொட்டை போடுகிறார்கள், அம்பட்டன் இவனையும் வேண்டுதல்காரன் என்று நினைத்துப் பிடித்து உட்காரவைத்துத் தாடியோடு சேர்த்து மழித்துவிட்டான். தாடியில்தானே மந்திரம் இருந்தது, அது வைகையோடு போச்சு, தோட்டக்காரன் மகன் வந்து ஒரே போடு. "போய்த் தூங்கு."

நாற்பது வருஷத்துக்கும் மேல் இதை அப்பத்தா விட்ட கப்சா என்றே நினைத்திருந்தேன். என் பிள்ளைகளுக்குக் கூட, உங்கள் பாட்டி எப்படிப் புளுகுவாள் தெரியுமா என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். போன வருஷம் அந்த வாரத் தலைப்புக்காகப் படத்தைத் தேடி முழுசாகப் பார்த்தேன். கடைசியில் மந்திரவாதியை நைசாகப் பேசி ஏமாற்றித் தாடியை எடுக்கவைக்கிறார்கள். தாடி போனதும் சக்தி போகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் அப்பத்தா அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறது! எங்கே பார்த்தது, யாரோடு போனது, தேனூரிலிருந்து மதுரைக்கு மாட்டு வண்டியா, ரயிலா, தாத்தாவுக்குத் தெரிந்தா தெரியாமலா? ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. மதுரைக்கு வழி வாயிலே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான் வாயைத் திறந்து அதை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

(இந்த இடத்தில் செயலாளர் துண்டுச்சீட்டுக் கொடுத்தார். பத்து நிமிஷம் என்று எழுதியிருந்தது.)

அதனால் மூன்றாவது விஷயத்தைச் சுருக்கிவிடுகிறேன். 1931-இல் வந்த காளிதாஸ், முதல் தமிழ்ப் பேசும் படம், அதன் பிரதி இன்றைக்கு இல்லை. பழைய சுருள்களை அதிலிருக்கிற வெள்ளிக்காக உருக்கியவர்கள் உண்டு. அதைப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், அடுத்த வருஷம் பேசுகிறேன்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இந்த ஊர் சினிமா பார்க்கத் தெரிந்த ஊர். 1937-இல் சிந்தாமணி என்ற படத்தில் வந்த லாபத்தைக் கொண்டு அதே பெயரில் தியேட்டர் கட்டிய ஊர். 1952 தீபாவளிக்குப் பராசக்தியோடு திறந்த தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். இன்றைக்கு அங்கே ஜவுளிக்கடை, நானும் அங்கேதான் தீபாவளிக்குச் சட்டை எடுக்கிறேன், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை தியேட்டர் பார்த்த ஊரில் ஒரு பிள்ளை, பத்து வயசுப் பிள்ளை, அதன் வயசுக்கான ஒரு படத்தை நூறு பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க மாதத்தில் ஒரு காட்சி உண்டா? அரசுப் பள்ளிகளில் 2022-இல் சிறார் படம் காட்ட ஆரம்பித்தார்கள், நல்ல காரியம், கும்பிடுகிறேன். நான் கேட்பது ஊருக்குப் பொதுவாக ஒன்று. மாதம் ஒரு ஞாயிறு, காலை பத்து மணி, பத்து ரூபாய் டிக்கெட், கூட வருகிற தாத்தா பாட்டிக்கு இலவசம். காலைக் காட்சிக்குக் கூட்டமில்லாமல் ஈயோட்டுகிற தியேட்டர் ஏதாவது ஒன்று கொடுத்தாலும் சரி, நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்தார்களே கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்கே ஒரு கூடம் கிடைத்தாலும் சரி. முதல் படம் மாயா பஜார். அப்புறம் ஈரானில் மஜீத் மஜீதி 1997-இல் எடுத்த சில்ட்ரன் ஆஃப் ஹெவன் போடலாம், ஒரு ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடுகிற அண்ணன் தங்கச்சிக்கு சப்டைட்டில் எதற்கு, நம்ம ஆபரேட்டர் அண்ணன் மைக்கில் கதை சொல்வார்.

இதற்கு நான் மனுக் கொடுக்கவில்லையா என்றால், மூன்று தடவை கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். முதல் தடவை வேறு ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாம் தடவை அந்த ஜன்னல் சாத்தியிருந்தது. மூன்றாம் தடவை, இந்த வயசில் உங்களுக்கு எதற்குச் சார் கார்ட்டூன் என்று கேட்டார்கள். மதுரைக்கு வழி வாயிலேதான், மதுரைக்குள் வந்த பிறகு எந்த ஜன்னலுக்கு வழி என்பதைப் பழமொழி சொல்லவில்லை. மாமன்ற உறுப்பினர் அம்மா இருக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் இழுத்தேன், மன்னிக்க வேண்டும் அம்மா, கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று தெரியும்.

அடுத்த பந்தயத்துக்கு ஒரு சட்டத் திருத்தமும் கொண்டுவருகிறேன். தனியாகப் போனில் பார்த்த படத்துக்கு அரை மார்க். பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தால் ஒரு மார்க். வீட்டிலிருக்கும் பெரியவரிடம் நீங்கள் சின்ன வயசில் பார்த்த படம் எது, எங்கே, யாரோடு என்று கேட்டு அதை நோட்டில் எழுதி, அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தால் இரண்டு மார்க். ஒன்றரை மடங்கு வேகத் தம்பிக்கு மைனஸ்.

கையெழுத்துத் தாள் மாடிப்படிக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது, இதுவரை நாற்பத்தொரு பேர் போட்டிருக்கிறார்கள், நூறு சேர்ந்ததும் அம்மா கையில் கொடுக்கப்போகிறேன். பேனா ஒன்றுதான் இருக்கிறது, அது ஆபரேட்டர் அண்ணனுடையது. போட்டுவிட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள், கொடுக்கும்போது தங்கத்தில் முதல் நாள் எப்படி இருந்தது என்று அவர் அப்பா என்ன சொல்லியிருக்கிறார் என்று கேளுங்கள். டீ ஆறுவதற்குள் முடிக்க மாட்டார்.