கதவு அடைத்த வீடும் பொன் பூத்த கரையும்

நேயர்களுக்கு வணக்கம். பயண எழுத்து அழகையும் வறுமையையும் எப்படி அருகருகே வைத்துப் பேசுகிறது என்பதே இன்றைய உரையின் பொருள். சுற்றுலா இதழ்களைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வாய்பாடு பழகியிருக்கும். மலையும் அருவியும் பத்தி பத்தியாக விரியும். குடிசையும் கிழிந்த சட்டையும் ஓரிரு வரிகளில் கடந்து போகும். முடிவில் ‘ஏழ்மையிலும் மாறாத புன்னகை’ என்ற தொடர் தவறாமல் வந்துவிடும். புன்னகைத்தவர் அன்று என்ன சாப்பிட்டார் என்பது மட்டும் வராது.

பரிசில் பெற்ற கலைஞர், பெறாதவரை வள்ளலிடம் வழிப்படுத்துவதாக அமைந்த, வழிச்செலவையே பாடுபொருளாகக் கொண்ட நம் சங்க கால ஆற்றுப்படை நூல்கள் சாப்பாட்டை மறப்பதில்லை. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிர்ப்பட்ட இன்னொரு பாணனுக்கு வழி சொல்லுகையில், தான் விட்டு வந்த வீட்டின் அடுக்களையையும் காட்டுகிறான். கண் திறவாத குட்டிகள் முலையைப் பற்றி இழுப்பதைப் பொறுக்காமல், அண்மையில் ஈன்ற நாய் அங்கே குரைக்கிறது. கட்டுத் தளர்ந்த பழஞ்சுவரைக் கறையான் அரித்த புழுதியில் காளான் பூத்திருக்கிறது. பசியால் இடை ஒடுங்கிய கிணைமகள் (கிணைப்பறை கொட்டுவோர் குலப் பெண்), குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்டுவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தார் எல்லோரும் கூடியிருந்து அதை உண்கிறார்கள்.

இந்தப் பதினோரு அடிகளில் ஓர் உவமைகூட இல்லை. நாய், சுவர், காளான், கீரை, கதவு எல்லாம் பெயர் சொல்லி வைக்கப்படுகின்றன. இரக்கத்தைத் தூண்டும் அடைமொழிகளைப் புலவர் தேடிப் போகவில்லை. அடுத்த சில அடிகளிலேயே எயிற்பட்டினத்துக்குச் செல்லும் கடற்கரை வழி வருகிறது. அங்கே தாழை அன்னம்போல் பூக்கிறது. செருந்தி பொன்னோ என்று மயக்குகிறது. முள்ளி நீலமணியாக ஒளிர்கிறது. புன்னை முத்தாக அரும்புகிறது. நான்கு அடிகளுக்கு நான்கு ஒப்புமைகள். அவற்றுள் அன்னத்தைத் தவிர மற்ற மூன்றும் கருவூலத்தில் இருக்க வேண்டிய பொருள்கள். உப்பில்லாக் கீரை உண்டவன் நெய்தல் நிலத்தின் அழகைச் செல்வத்தின் மொழியில்தான் பேசுகிறான் என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் வறுமைக்கும் செல்வத்துக்கும் இடையிலான இந்த இடைவெளி இன்னும் சுருங்கிவிடுகிறது. ஈரும் பேனும் குடியேறி, வியர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைக்கப்பட்ட, பரிசில் தேடி வந்த பொருநனின் கந்தல் ஓரடியில் களையப்படுகிறது. பார்வை நுழையாத நுண்ணிழையால், பாம்பின் உரி போல் நெய்த ஆடை அடுத்த அடிகளில் உடுத்தப்படுகிறது.

புரவலனின் கொடை பெரிதாகத் தோன்றவே வறுமை இவ்வளவு கருமையாகத் தீட்டப்பட்டது என்று ஒருவர் சொன்னால், அதை முற்றிலும் மறுக்க முடியாது. ஆற்றுப்படை புகழ்ச்சிப் பாட்டுத்தான். ஆனால் இங்கே சொல்லுகிறவன் தன் வீட்டைச் சொல்லுகிறான். அடைத்த கதவுக்கு உள்ளே இருந்தவன் அவன். இன்றைய பயண எழுத்தாளரோ பெரும்பாலும் வெளியே நிற்பவர், புகைப்படக் கருவியும் கையில் இருந்தால் கதவு தட்டாமலே நுழைபவர். நாணம் என்ற ஒன்று அந்த வீட்டிலும் உண்டு என்று எழுதும் பயணக் கட்டுரைகள் அரிதாகவே கண்ணில் படுகின்றன.

வழியில் பாணனுக்குக் கிடைப்பவற்றையும் சிறுபாணாற்றுப்படை கணக்காகச் சொல்கிறது: பட்டினத்தில் சுட்ட குழல்மீன், ஓய்மாநாட்டு வேலூரில் புளிச்சோறும் ஆமான் என்னும் காட்டுப் பசுவின் சூட்டிறைச்சியும், ஆமூரில் குத்திய அரிசிச் சோறும் நண்டும். அந்த எயிற்பட்டினத்தை ஆய்வாளர் பலர் இன்றைய மரக்காணம் பகுதியில் வைத்துக் காண்பர். மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் உள்ளன. உப்பு இந்தப் பாட்டுக்கும் புதிதன்று. கொற்கையைப் பாடும் இடத்தில், உப்பு வணிகரின் வண்டிகளோடு வந்த மந்தி, கிளிஞ்சலுக்குள் முத்தை இட்டு, அவர்களின் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை போல் ஆட்டிக் கிலுகிலி ஆடுகிறது. அதற்கு ஏறத்தாழ 80 அடிகள் கழித்துத்தான் கிணைமகளின் உப்பில்லாக் கீரை வேகிறது. இவ்விரண்டையும் புலவர் தம் வாயால் இணைத்துச் சொல்லவில்லை. வழிநெடுகக் கேட்டு வருகிறவர் இணைத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார்.