சதுரங்கமும் துருசும்

(கிளிநொச்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

மெய்யியலாளர் அலஸ்டயர் மக்கின்ரயர் 1929இல் கிளாஸ்கோவில் பிறந்தார். 2025 மே மாதம் மறைந்தார். மார்க்சியராய்த் தொடங்கி, ரொட்ஸ்கியவாதிகளோடு நின்று, பிறகு கத்தோலிக்கரானார். கட்சி மாறி என்று சிரிக்க வேண்டாம். தனிமனித சுதந்திரத்தை முதலில் வைக்கும் தாராண்மைவாதத்தோடு இருந்த பகை கடைசிவரை மாறவில்லை.

1981இல் வந்த 'ஆஃப்டர் வேர்ச்சு' நூலில் ஓர் உதாரணம். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சதுரங்கம் பழக்க வேண்டும், பிள்ளைக்கோ விருப்பமில்லை. வாரம் ஒருமுறை விளையாடினால் 50 சதத்துக்கு இனிப்பு. வென்றால் இன்னும் 50 சதத்துக்கு. இனிப்புக்காக மட்டும் விளையாடும்வரை, பிடிபடாமல் கள்ளம் செய்வதே பிள்ளைக்கு இலாபம். ஆட்டத்தின் நுட்பத்தில் மனம் பற்றிவிட்டால், கள்ளத்தால் தோற்பது பிள்ளைதான். இனிப்பு கடையிலும் கிடைக்கும். அதை வெளிநன்மை என்கிறார். அந்த நுட்பம் ஆட்டத்துக்குள் மட்டும் கிடைப்பது, உள்நன்மை.

நம் இரணைமடுக் குளத்துக்கு வருவோம். சிறுபோகக் கூட்டத்தில் முதற்கேள்வி, குளத்தில் எத்தனை அடி தண்ணீர்? அதை வைத்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பு என்பது முடிவாகும். தண்ணீர் குறைந்தால் பங்கும் குறையும். மேல்காணிக்காரர் ஒருவர் இரவில் வாய்க்கால் கதவை உயர்த்தினால் அவருடைய நெல் விளையும். கடைசிக் காணி, கதிர் உள்ளே உருவாகும் குடலைப் பருவத்தில் காயும். கமம் செய்யத் தெரிந்தும் அவர் இனிப்புக்கு விளையாடுகிறார்.

இத்தகைய தொழில்களைத் தாங்க அமைப்பு வேண்டும். அமைப்புக்கோ பணமும் பதவியும் வேண்டும், அவையே தொழிலை அரிக்கும் என்பார் மக்கின்ரயர். உர மானியத்துக்குக் கையொப்பமிட மட்டும் கூடும் கமக்காரர் அமைப்பில் குளத்து மதகான துருசைப் பற்றி யார் பேசுவார்?

எது நல்வாழ்வு என்பதில் தான் நடுநிலை என்று தாராண்மை அரசு சொல்கிறது. அப்படியானால் மிஞ்சுவது விருப்பங்களின் பேரம் என்கிறார் இவர். அதற்காக நல்வாழ்வை அரசு வகுத்துத் தர வேண்டும் என்றும் அவர் கேட்கவில்லை. நவீன அரசு தனக்காக உயிரைக் கேட்பது, தொலைபேசிக் கம்பனி உயிரைக் கேட்பது போன்றது என்று எழுதினார். வன்னியில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

ஆனால் மனித உரிமைகளை நம்புவது சூனியக்காரிகளை நம்புவது போன்றது என்றும் எழுதினார். அங்கே அவரோடு உடன்பட முடியாது. 2017 பெப்ரவரியில் இந்த ஊர்க் கந்தசுவாமி கோயில் முன்றலில் குந்திய தாய்மார் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டது ஊர்க்கூட்டத்திடம் அல்ல, அரசிடம். அதற்கு அவர்களிடம் இருந்த சொற்களில் ஒன்று, உரிமை.